கைகளின் மேல் உட்கார்ந்திருப்பவர்

மாரீஸ்வரி தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். எதிரே கணினித் திரை. அதில் ஒரு பச்சைக் கோடு ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருக்கிறது. மூக்கு அரித்தால் தோளில் தேய்த்துக்கொள்கிறார். டீ வந்தால், "அங்கன வச்சிருங்கண்ணே" என்று தாடையால் இடம் காட்டுகிறார். டீ ஆறி, ஆடை கட்டி, கடைசியில் லேத் ஓட்டுகிற ஒச்சாண்டி அண்ணன் அதை எடுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறார். கை மட்டும் வெளியே வருவதில்லை.

வெளியே விட்டால் அது போய் எதையாவது திருகிவிடும் என்று பயம். "நல்லா ஓடுற மிஷினக் கெடுக்கிறது யாருன்னு நெனைக்கிறீக? கரண்டு இல்ல, எலி இல்ல. இன்னும் கொஞ்சம் நல்லா ஓடட்டுமேன்னு ஆசைப்படுறவன்தான்" என்பார். இந்தத் தத்துவத்தை வீட்டிலும் விடுவதில்லை. நான் எதிர் வீட்டுக்காரன், கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுப்பில் பால் பொங்காமல் அமைதியாகக் காய்ந்துகொண்டிருந்தால் போதும், முக்காலியை இழுத்துப் போட்டுக் கைமேல் உட்கார்ந்துவிடுவார்.

தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே, காற்றாலைகள் சுற்றுகிற காட்டில் இருக்கிறது அவருடைய ஷெட். போடி ஏலக்காய் வியாபாரி பாண்டியராஜன் சரக்கு அடுக்குவதற்காகக் கட்டியது. இன்றைக்கும் உள்ளே நுழைந்தால் பாயசம் கிண்டுகிற வீட்டுக்குள் போனது மாதிரி இருக்கும். பள்ளிக்கூட விழா ஒன்றில் மாரீஸ்வரி பேசியதைக் கேட்ட பாண்டியராஜன், அவர் வேலை பார்த்த டெல்லிக்கே போய், "இங்கன வந்து செய்யுங்க மேடம், ஷெட்டு சும்மாத்தான கெடக்கு" என்று கையோடு அழைத்து வந்துவிட்டார். என்ன செய்யப்போகிறார் என்பதை அதற்குப் பிறகுதான் விசாரித்தாராம். ஏலக்காய்க்காரர்களுக்கு இப்படி ஒரு துணிச்சல் உண்டு.

செய்வது இதுதான். அணுக்களை வேகமாக ஓடவிட்டு ஒன்றோடொன்று முட்டவிடும் பெரிய இயந்திரம் வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. துகள் முடுக்கி என்பார்கள். அதற்குள் ஓட வேண்டிய அணுவை முதலில் உரிக்க வேண்டும். கால்சியம் என்றால், அணுவைச் சுற்றி இருபது எலக்ட்ரான்கள். பதினொன்றைக் கழற்றிவிட்டால்தான் அது மின்சாரத்துக்குக் கட்டுப்பட்டு வேகமாக ஓடும். இந்த உரிப்பு வேலையைச் செய்யும் இயந்திரத்துக்குத் தமிழில் அயனி மூலம் என்று பெயர். அப்படியே பலகை எழுதி மாட்டினால் வேறு வைத்தியம் கேட்டு ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று பாண்டியராஜன் தடுத்துவிட்டார். ஆகவே ஷெட்டில் எல்லோருக்கும் அது 'சோர்ஸ்'.

தண்ணீர்க் குடம் அளவுக்கு ஓர் எஃகுப் பாத்திரம், சுற்றிலும் யானைக்கால் பருமனுக்குக் காந்தங்கள். உள்ளே காற்றே கிடையாது. சுண்டுவிரல் அளவில் ஒரு சின்ன உலை மட்டும் இருக்கும். அதில் ஒரு சிட்டிகைக் கால்சியத்தைப் போட்டுச் சூடேற்றினால் ஆவியாகும். ஆவியை நுண்ணலையால் போட்டு உலுக்கினால் எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். அத்தனை பெரிய இரும்புக்குள் நடக்கும் காரியம் அந்தச் சிட்டிகையை நம்பித்தான் இருக்கிறது.

கடமலைக்குண்டில் இருக்கும் அம்மா மூக்கம்மாளுக்கு மாரீஸ்வரி இதை ஒருமுறை விளக்கினார். உரித்த அணுவை என்ன செய்வீர்கள் என்று அம்மா கேட்டார். இன்னொரு உலோகத்தில் கொண்டுபோய் முட்டுவார்கள் என்றார் மகள். முட்டினால்? எப்போதாவது புதிதாக ஒரு தனிமம் பிறக்கும். பிறந்து? கண் சிமிட்டுவதற்குள் செத்துப்போகும். மூக்கம்மாள் வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாராம். பிறகு, "இத வெளிய சொல்லாத" என்றாராம். ஊரில் கேட்பவர்களிடம், மகள் கால்சியம் மாத்திரைக் கம்பெனியில் இருப்பதாகச் சொல்லிவைத்துவிட்டார். இப்போது பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் மூட்டுவலிக்காரர்கள் வரிசை கட்டுகிறார்கள். மாரீஸ்வரியும் அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல், ஆண்டிபட்டி மெடிக்கலில் அட்டை அட்டையாக வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது அவருடைய இன்னொரு சட்டம். இரண்டை மாற்றினால் எதனால் கெட்டது என்று தெரியாமல் போய்விடுமாம். எங்கள் தெரு முனை டீக்கடைக்காரர் சுருளிராஜன் இதில் நன்றாக மாட்டிக்கொண்டார். திங்கள் சர்க்கரை கொஞ்சம் குறைவு, செவ்வாய் தூள் கொஞ்சம் தூக்கல், புதன் பழையபடி தூள், ஆனால் பால் ஒரு நிமிஷம் கூடுதலாகக் காய வேண்டும். மாதம் முழுக்க இந்தச் சோதனை நடந்தது. கடைசியில் அவர் கும்பிட்டே விட்டார். "தாயி, நீங்க காப்பிக்கு மாறிருங்க. ஒரேயொரு மாத்தந்தான், சட்டத்துக்கும் பங்கமில்ல."

வெறுங்கையால் உலோகத்தைத் தொடவும் மாட்டார். கையில் உப்பு இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, சோர்ஸுக்குள் போனால் எல்லாம் திரையில் வந்து நிற்கும் என்பார். அது உண்மைதான். உள்ளே என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் காந்தம் எடைவாரியாகப் பிரித்து, திரையில் ஆளுக்கொரு முகடாக நிறுத்திவிடும். ஷெட்டில் ரகசியம் என்று ஒன்றும் தங்காது. ஆனால் கல்யாண வீட்டில் எவர்சில்வர் டம்ளரைச் சேலைத் தலைப்பால் பிடித்துக் குடிப்பவரைப் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும்? திமிர் என்றுதான் நினைக்கிறது. எனக்கே முதல் ஆறு மாதம் அப்படித்தான் தோன்றியது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வடக்கு ஆய்வுக்கூடம் போன வருஷம் கறாராகச் சொல்லிவிட்டது. தேனி சோர்ஸிலிருந்து பாயும் கால்சியக் கற்றையின் அளவைத் திரையில் காட்டும் அந்தப் பச்சைக் கோடு, குறித்த உயரத்துக்குக் கீழே இறங்காமல் ஒரு முழு வேலைநாள் நிற்க வேண்டும். நின்றால் வாங்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் ஷெட்டுக்குள் மறுபடி ஏலக்காய் மூட்டை, மாரீஸ்வரிக்கு மறுபடி டெல்லி. "அங்கன போனா எனக்கு நாற்காலி உண்டு. சோர்ஸு கெடையாது. கோப்பத் தொறந்து கையெழுத்துப் போடணும், அம்புட்டுதான்" என்று என் மனைவியிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று ஊரே கேட்டபோதுகூடக் கலங்காத கண்.

சோதனைக்கு நாள் குறித்தது ஆயுத பூஜைக்கு மறுவாரம். எனக்கும் அழைப்பு வந்தது. பத்திரிகையில் எழுதுகிற ஆள் என்பதால் பாண்டியராஜன் என்னை நம்பினார். "போட்டோவோட போடுங்க. எங்க கடைப் பேரு கொஞ்சம் பெருசா" என்றார்.

காலையில் வடக்கேயிருந்து இரண்டு விஞ்ஞானிகள் வந்தார்கள். சோர்ஸை முடுக்கியதும் திரையில் முகடுகள் எழும்பின. கால்சியம் நிற்க வேண்டிய இடத்தில், குறித்த உயரத்தையும் தாண்டி ஒரு முகடு. பாண்டியராஜன் கை தட்டிவிட்டார். விஞ்ஞானிகளில் ஒருவர் போட்டோ எடுத்தார். மாரீஸ்வரியின் முகம் மட்டும் சரியில்லை. உலையை அவர் இன்னும் சூடேற்றவே தொடங்கவில்லை.

பாண்டியராஜன் அவரை ஓரமாகக் கூட்டிப்போய், கால்சியம்தானே கேட்டார்கள், அது எங்கிருந்து வந்தால் அவர்களுக்கென்ன, மெதுவாக உலையைச் சூடேற்றிக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்று கிசுகிசுத்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, பொய் சொல்வானேன்.

"இது நம்ம கால்சியம் இல்ல சார்" என்றார் மாரீஸ்வரி. எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். "தனியா வரல. பொட்டாசியம், மெக்னீசியம், சிலிக்கான்னு சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிட்டு வந்திருக்கு. இது சாம்பல்."

சொல்லிவிட்டுத் திரும்பி இயந்திரத்தைப் பார்க்கவில்லை. ஷெட்டில் நின்ற ஒவ்வொருவர் நெற்றியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். விஞ்ஞானிகளின் நெற்றி வெறுமையாக இருந்தது. பாண்டியராஜனுக்குச் சந்தனம். எனக்கு வியர்வை. ஒச்சாண்டி அண்ணன் நெற்றியில் மூன்று பட்டையாகத் திருநீறு. அவர் மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார்.

நடந்தது இதுதான். ஆயுத பூஜைக்கு லேத்துக்குப் பொட்டு, பம்புக்குப் பொட்டு, மின் சீராக்கிக்கு மாலை எல்லாம் உண்டு. ஆனால் சோர்ஸைச் சுற்றித் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது, அதைத் தாண்டிச் சந்தனம் குங்குமம் எதுவும் போகக் கூடாது என்பது மாரீஸ்வரியின் உத்தரவு. ஒச்சாண்டி அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. உலையைக் கடைந்தவர் அவர். உள்ளே பொருத்துவதற்குக் கொடுக்கும் முன், சுருளித் தீர்த்தத்திலிருந்து கொண்டுவந்த திருநீற்றை அதன் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். "உள்ள இருக்கிறதுதான தங்கச்சி உசுரு. அத விட்டுட்டு வெளிய மட்டும் பொட்டு வச்சா எப்புடி?" என்றார்.

சாமியும் குறை வைக்கவில்லை. கேட்டது கால்சியம், கொடுத்தது கால்சியம்தான். அரை மணி நேரத்தில் அந்த முகடு சரிந்து காணாமல் போனது. சாம்பல் பட்ட உலையை வைத்து அளக்க முடியாது, அடுத்த மாதம் ஒரே ஒரு தடவை வருவோம், அதோடு சரி என்று சொல்லிவிட்டு விஞ்ஞானிகள் மதுரை விமானத்துக்குக் கிளம்பிப் போனார்கள்.

மாரீஸ்வரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெயின்ட் டப்பாவை எடுத்து மஞ்சள் கோட்டை ஓர் அடி தள்ளிப் போட்டார், அவ்வளவுதான். மறுநாள் ஒச்சாண்டி அண்ணன் வெறும் நெற்றியோடு வந்தார். அந்த நெற்றியை அதுவரை யாருமே பார்த்ததில்லை. வழியில் நாலு பேர் நிறுத்தி, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார்களாம். அந்த மாதம் முழுக்க அப்படியே வந்தார். புது உலை கடைந்தார், கையுறையோடு கழுவினார், கழுவியதைத் திரும்பவும் கழுவினார், மாரீஸ்வரி வாங்கிக்கொள்ளும்வரை மூச்சைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை.

இரண்டாவது சோதனை. இந்த முறை கால்சியம் துணைக்கு ஆளில்லாமல் தனியாக வந்தது. பச்சைக் கோடு குறித்த உயரத்துக்கு ஒரு விரற்கடை மேலே ஓடத் தொடங்கியது. மாரீஸ்வரி கைமேல் உட்கார்ந்தார். காலை போனது, மத்தியானச் சாப்பாடு போனது. நாங்கள்தான் சாப்பிட்டோம்.

சாயங்காலம் முடிகிற நேரத்தில் பக்கத்துத் தென்னந்தோப்பில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. தோட்டங்களுக்கு மும்முனை மின்சாரம் விட்டுவிட்டார்கள். வட்டாரத்து மோட்டாரெல்லாம் ஒன்றாக எழுந்திருக்கும். ஷெட்டில் விளக்கு மங்கியது. பச்சைக் கோடு மெல்ல இறங்கத் தொடங்கியது. விரற்கடை அரை விரற்கடை ஆனது, அதுவும் தேய்ந்தது.

பாண்டியராஜனுக்கு 'மேடம்' என்று அழைப்பது மறந்துபோனது. "ஆத்தா, லேசாத் திருகு ஆத்தா. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார். உலையின் சூட்டை ஏற்றும் குமிழ் அவர் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் கையும் அந்தப் பக்கம் நகர்ந்தது.

"சார்." மாரீஸ்வரி திரும்பக்கூட இல்லை. "இப்பத் திருகுனா, கரண்டு சீரானதும் சூடு கூடிப் பொங்கிரும். அப்பறம் நாளைக்கு வரைக்கும் அடங்காது. உக்காருங்க. கைய அடியில வைங்க."

பாண்டியராஜன் உட்கார்ந்தார், கையை அடியில் வைத்தார். என்ன நினைத்தார்களோ, விஞ்ஞானிகள் இருவரும் உட்கார்ந்து கையை அடியில் வைத்தார்கள். நானும் வைத்தேன். ஐந்து பேர் கைமேல் உட்கார்ந்து ஒரு பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கூட்டத்தில் நான் இருந்ததில்லை. கோடு குறித்த உயரத்தை உரசிக்கொண்டு போனது. ஷெட்டின் மூலையில் இருக்கும் மின் சீராக்கி உறுமி, இருமி, ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. விளக்கு தெளிந்தது. கோடு நின்றது. யாரும் தொடாமலே, வந்த வழியே மேலே ஏறிப் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

நேரம் முடிந்ததாக மூத்த விஞ்ஞானி எழுந்து அறிவித்தார். வாங்கிக்கொள்கிறோம் என்றார். எல்லோரும் கையை உருவிக்கொண்டு தட்டினோம். பாண்டியராஜன் அழுதார், அதை மறைக்கவும் இல்லை. மாரீஸ்வரி மட்டும் கையை எடுக்கவில்லை. கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்ததே.

மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒச்சாண்டி அண்ணன் காலையிலிருந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவரும் கை தட்டவில்லை. மாரீஸ்வரி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, மடியில வச்சிருக்கீகல்ல?"

அண்ணன் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார். இடுப்பு வேட்டிச் சுருட்டிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் வெளியே வந்தது. மாரீஸ்வரி கைகளை எடுக்காமலேயே, இரண்டு காலாலும் தரையை உந்தி உந்தி, சக்கரம் வைத்த நாற்காலியை மஞ்சள் கோடு வரைக்கும் நகர்த்திக்கொண்டு வந்தார். வந்து, கோட்டுக்கு வெளியே நெற்றியை மட்டும் நீட்டினார்.