தாம் குணமானதைத் தாமே மொழிபெயர்த்த அண்ணன்

அண்ணன் இல்லாமல் எங்கள் சபை ஓராண்டைக் கடந்துவிட்டது. தங்கை நான் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். அழாமல் எழுத வரவில்லை.

ரிங்லெட் மலையூருக்கு மேலே தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர் அண்ணன். அம்மா கொழுந்து பறித்த கூலியில் படித்து, தோட்டத் தமிழ்ப்பள்ளியிலேயே அறிவியல் ஆசிரியரானார். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபம் நடத்துவார். திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு இருதயத்தின் அறைகளை வரைந்து காட்டுவார். “ரெண்டும் எப்படி சார்?” என்று கேட்டால், “மூளையைக் குடுத்தவரு, அதைக் கழட்டி வச்சிட்டு வான்னு சொல்லலையே லா!” என்று சிரிப்பார். சிறுநீரகம் பழுதானபோதும் ஜெபித்துவிட்டுத்தான் டயாலிசிஸுக்குப் போவார்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் அண்ணன் மகன், பாவம், அப்பாவுக்காகத் துடித்து, வெளிநாட்டுப் போதகர் ஒருவரை இணையவழியே எங்கள் சபைத் திரைக்குக் கொண்டுவந்தான். எங்கெங்கோ தேசங்களிலிருந்து சனங்கள் சேர்ந்து ஜெபித்தார்கள். போதகர் பேசியது ஆங்கிலம். எங்கள் சபையில் அதைத் தமிழாக்கக்கூடியவர் அண்ணன் ஒருவரே. மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது எங்கள் வழக்கம். போதகர் திடீரென்று அண்ணனைப் பார்த்துக் கை நீட்டி, இவர் குணமாகிவிட்டார், இனி இயந்திரம் வேண்டாம் என்று அறிவித்தார். அண்ணன் தடுமாறினார். பிறகு அதையும் அப்படியே தமிழில் சொன்னார். சபை முழுவதும் எழுந்து “ஆமென்!” என்றது.

அத்தோடு டயாலிசிஸ் நின்றது. கால் வீங்கியது. மூச்சு வாங்கியது. நான் காலில் விழாத குறைதான்.

“அண்ணே, உங்களுக்குத் தெரியாததா? வாங்க, போலாம்.”

“தெரியும்மா. ஆனா என் வாயாலதானே சொன்னேன்? இப்ப போனா சனங்க விசுவாசம் போயிடும் லா.”

“உங்க உயிரு போகுதேண்ணே!”

அவர் நினைவு தப்பிய பிறகுதான் எங்களால் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. பிரிஞ்சாங் சந்தைக்குப் பூ ஏற்றிக்கொண்டு புறப்பட்ட பக்கத்து வீட்டு இந்துச் சகோதரர், அத்தனை பூவையும் ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு வேனைத் திருப்பினார். மருத்துவமனை வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தச் சகோதரருக்கும், எங்களுக்குக் கஞ்சி காய்ச்சித் தந்த லயத்துச் சனங்களுக்கும் நன்றி. கர்த்தருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இன்னும் வாய் வரவில்லை, அவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. அண்ணி இப்போது தம் சர்க்கரை மாத்திரையைத் தொடுவதில்லை. “நான் விசுவாசத்தை விட்டுட்டா, உங்கண்ணன் சும்மா செத்த மாதிரி ஆயிடும்மா” என்கிறார். என் பேச்சு எடுபடவில்லை. இந்த நினைவு மலரை உங்கள் கையில் கொடுப்பவர் அவர்தான். வாங்கும்போது, தயவுசெய்து, “மாத்திரை சாப்ட்டீங்களா?” என்று கேளுங்கள்.