கப்பல் மரத்துக்குக் கீழே

எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் ஊரில் யாரும் வாப்பாவின் பெயரைச் சொல்வதில்லை. "கப்பல் வீடா? அந்தா, ரெண்டு தென்னை நிக்குற வளவு" என்பார்கள். சொல்லி முடித்ததும் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

காரணம் எங்கள் ஹோலின் முகட்டில் கிடந்த ஒரு மரம். சுவருக்குச் சுவர் ஒரே மரம். ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன். செம்பு ஆணிகள் இருந்த துளைகளைச் சுற்றிப் பச்சை பிடித்திருக்கும். சுனாமியில் இரண்டு பக்கச் சுவர்களும் விழுந்தபோதும் தூண்களின் மேல் அந்த மரம் அப்படியே கிடந்தது. வாப்பா அதற்குக் கீழே சுவரைத் திரும்பக் கட்டினார். அதற்கும் ஊரில் ஒரு கதை இருந்தது. "கடல் தன்ட சாமானைத் தேடி வந்திரிக்கி, தூக்க ஏலாமப் போயிட்டு."

அது ஒரு பாய்க்கப்பலின் மரம். இந்தியக் கரையிலிருந்து அரிசியும் கூரை ஓடும் ஏற்றி வந்த வியாபாரக் கப்பல், வாடைக்காற்றில் நங்கூரம் அறுந்து எங்கள் கரைக்கு நேரே மணல்திட்டில் ஏறி உடைந்ததாம். எந்தக் காலம் என்று யாருக்கும் தெரியாது. மீன்பிடிக்கிறவர்கள் இன்றைக்கும் அந்த இடத்தைக் கப்பலடி என்கிறார்கள். வலை அங்கே சிக்கிக் கிழியும்; சில நாள் வலையோடு ஓட்டுத் துண்டும் வரும். உம்மாவின் உம்மாவுக்கு இந்த வீடு சீதனமாகக் கிடைத்த காலத்திலேயே மரம் மேலே இருந்ததாம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

ஊருக்கு அதைவிடக் கூடுதலாகத் தெரியும். ஒரு புயல் இரவில் எங்கள் மூத்தவர்கள் தென்னையில் லாந்தரைக் கட்டித் தூக்கி, துறை என்று நம்பவைத்துக் கப்பலை இழுத்தார்களாம். மாலுமிகள் செத்து மிதந்துகொண்டிருக்க, மரத்தை அறுத்தார்களாம். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் முதலாவது வந்த நாளில் பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "என்னகா, விடைக்கும் லாம்பு காட்டித்தானா புடிச்ச?" வகுப்பு முழுக்கச் சிரித்தது. ரீச்சரும் சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். உம்மாவுக்குக் கையெழுத்து வராது, பெருவிரல்தான். நான் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் எடுத்தேன். கடைசி வருட ஆய்வுக்கு இந்தக் கப்பலைத்தான் எடுத்தேன். படித்தவள் சொன்னால் ஊர் கேட்கும் என்று நினைத்திருந்தேன். கப்பலைப் பற்றி எங்கும் எழுதிவைத்த ஒரு வரிகூட எனக்குக் கிடைக்கவில்லை. ஊரில் கேட்ட இடமெல்லாம் அதே லாந்தர் கதைதான் கிடைத்தது. ஒருவர் சொன்னார்: "உங்கட வீட்டுக் கதையை எங்கள்ட்ட ஏன் புள்ள கேக்குறிய? முகட்டைப் பாத்து எழுதுங்க."

ஆனால் ஒன்றைக் கண்டேன். வாப்பா மௌத்தான அன்று, மையித்தைத் தூக்கிப் போகும் சந்தூக்கைப் பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்து எங்கள் ஹோலில் வைத்தார்கள். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். சந்தூக்கின் அடிப்பலகையில் வரிசையாகத் துளைகள். துளைகளைச் சுற்றிப் பச்சை. அண்ணாந்து பார்த்தேன். மேலேயும் அதே துளை, அதே பச்சை. ஊரில் செத்த ஒவ்வொருவரும் அந்தக் கப்பலில் ஏறித்தான் மையவாடிக்குப் போயிருக்கிறார்கள். பெயர் மட்டும் எங்களுக்கு.

வாப்பா போன பிறகு உம்மாவுக்கு ஒரே நினைவு, என் கலியாணம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணத்தோடு உம்மா தன் வீட்டை மகளின் பெயருக்கு எழுதிவிட்டுப் பின்வளவில் ஒரு சின்ன அறைக்குப் போவா. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். அதனால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பார்ப்பார்கள். சுவரைத் தட்டுவார்கள், கக்கூசைத் திறப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாரும் முதலில் அண்ணாந்து பார்த்தார்கள்.

முதலில் வந்த கூட்டத்தில் மாப்பிள்ளையின் மாமி ஒருவர் இருந்தார். ஹோலுக்குள் வந்தவர் மரத்துக்கு நேரே கீழே இருக்காமல் கதிரையைச் சுவரோரம் இழுத்துப் போட்டார்.

"புள்ளைக்குப் படிப்பிரிக்கி, தொழிலிரிக்கி, ஒரு குறையுமில்ல" என்றார். "ஆனா புள்ளட உம்மா, இந்த மரத்தைக் கழட்டிப்போட்டு கொங்கிறீட் பிளேட் அடிங்க. செத்த ஆக்கள்ர மரத்துக்குக் கீழ எங்கட புள்ளையைப் படுக்க உடமாட்டம்."

உம்மா உடனே, "ஓம் ஓம், கழட்டுவம்" என்றா.

நான் தட்டில் வட்டிலப்பம் கொண்டுவந்தவள். வைத்துவிட்டு உள்ளே போவதுதான் முறை. போகவில்லை.

"மாமி, உங்கட மாமனார் மௌத்தாகி எதுல போனாரு?" என்று கேட்டேன்.

"என்ன கேள்வி இது? சந்தூக்குலதான்."

"அதுட அடிப்பலகையை ஒரு நாளைக்குப் பாருங்க. அதுவும் இந்தக் கப்பல்தான். செத்தாப் போகலாம், உசிரோட படுக்க ஏலாதா?"

வட்டிலப்பத்தை யாரும் தொடவில்லை. படலை சாத்தும் சத்தம் கேட்டதும் உம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனா.

"படிக்க உட்டது இதுக்கா?"

"வீடு எனக்குத்தானே? அப்ப மரமும் என்ட" என்றேன்.

"பேருக்கு எழுதினாத்தான் உன்ட. எழுதுறது கலியாணத்துக்குத்தான். அதுவரைக்கும் மரம் என்ட."

மரம் இருந்தால் கலியாணம் இல்லை. கலியாணம் இல்லாவிட்டால் வீடு இல்லை. மரத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வீடு என்னுடையதாக இருக்க வேண்டும். வீடு என்னுடையதாக வேண்டுமென்றால் முதலில் மரம் போக வேண்டும்.

சில மாதங்கள் கழித்து, பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். ஹோலுக்குள் வெயில் நிறைந்திருந்தது. ஓடுகள் முற்றத்தில் அடுக்கியிருந்தன. மரம் மூன்று துண்டாகக் கிடந்தது. முழுசாக வாசலால் வெளியே எடுக்க முடியவில்லையாம். ஓடாவியார் மரம் அறுக்கிற வாளைப் பார்த்துப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"இதென்ன மரம் புள்ள, பல்லெல்லாம் போயிட்டு!"

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா ஓடுகளைப் பார்த்தா. "இனி ஆர் என்ன சொல்லுவாங்க, பாப்பமே" என்றா. அன்று நான் சோறு தின்னவில்லை. உம்மாவும் கூப்பிடவில்லை. பிளேட் அடிக்க என் சம்பளம்தான் போனது.

துண்டுகளை விற்றுவிட்டதாக உம்மா சொன்னா. நம்பினேன். பிறகு ஒரு நாள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஒரு கட்டில் வந்து இறங்கியது. கால்கள் பருமனாக, கண்ணாடி மாதிரி பொலிஷ் போட்டு. தலைமாட்டுச் சட்டத்தை விரலால் தடவினேன். மரத்தூளும் பசையும் வைத்து அடைத்த வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரலில் பட்டன.

"உம்மா!"

"சத்தம் போடாத. நல்ல மரத்தை வீசச் சொல்றியா? ஆரும் கேட்டா தேக்கு, கொழும்புல எடுத்த."

அடுத்த கூட்டம் வந்தது. மாப்பிள்ளையின் உம்மா அண்ணாந்து பார்த்தார். வெள்ளைப் பிளேட். முகம் மலர்ந்தது. அறைக்குள் போய்க் கட்டிலில் ஏறி இருந்தே பார்த்தார். காலைத் தூக்கி மேலே வைத்து வசதியாக இருந்தார்.

"நல்ல கட்டில். இந்தக் காலத்துல ஆரு இப்பிடி செய்ற?" என்று சட்டத்தைத் தட்டினார். "நல்ல காலம், அந்தச் சனியன் மரத்தைக் கழட்டினீங்க. இல்லாட்டி நாங்க படி மிதிக்கிற இல்ல."

உம்மா என்னைப் பார்த்தா. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ரேகை வைக்கப் பெருவிரலை மையில் அழுத்திவிட்டு, இது சரியா என்று என்னைப் பார்க்கும் அதே பார்வை.

நான் தேத்தண்ணியை நீட்டினேன். "சீனி காணுமா மாமி?"

வீடு இப்போது என் பெயரில். நானே வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தேன். உம்மா பின்வளவு அறையில் இருக்கிறா. கலியாணம் முடிந்த கிழமையே என் மாப்பிள்ளையிடம் சொன்னேன். இனி ஒளிக்க எனக்கு என்ன தேவை?

"நீங்க படுத்திரிக்கிறது அந்தக் கப்பல் மரம்."

அவர் எழும்பி உட்காரவில்லை. கையைத் தலைக்குக் கீழே வைத்தபடி சிரித்தார்.

"எங்கட உம்மாட வீட்டு வாசல் நிலையும் அதுதான். ஓட்டை தெரியாம ஒவ்வொரு நோன்புக்கும் பெயின்ட் அடிப்பா. நான் சொன்னண்டு சொல்லிப்போடாதீங்க."

அவருக்கு அது நல்ல பகிடி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை நிலைகள், எத்தனை பெட்டகங்கள், எத்தனை தொட்டில்கள் இந்த ஊரில் பெயின்டுக்குள் இருக்கின்றன என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு முழுக் கப்பலை ஒரு வீடு தின்ன முடியுமா? பெயின்ட் அடித்தவர்கள் மானத்தோடு இருந்தார்கள். நாங்கள் மரத்தை மரமாகவே வைத்திருந்தோம்.

போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளையிடம், விட்டுப்போன கொப்பியை எங்கள் வீட்டில் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வழி தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும் ரீச்சர்" என்றாள். "கப்பல் வீடுதானே."