தீப்பெட்டியில் எடுத்துப் போன முடி

அப்பா செத்துப் பதினோராம் நாள் காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். உள்ளங்கையில் நாலைந்து முடி ஒட்டிக்கொண்டு வந்தது. அப்போது என் தலையில் முடி இருந்ததே வலது நெற்றிக்கு மேல் ஓர் உள்ளங்கை அகலம்தான். மற்றதெல்லாம் சுடுகாட்டில் மழித்தாயிற்று. மிச்சம் இருந்தது நட்ட முடி.

பதினாறு வயதில் அப்பாவோடு செராமிக் கம்பெனிக்குச் சூளை வேலைக்குப் போனேன். ஒரு நாள் சூளை வாயை அடைத்திருந்த செங்கல்லை அப்பா அவசரப்பட்டு உருவிவிட்டார். உள்ளே இருந்த நெருப்பு வெளியே பாய்ந்து என் தலையில் பட்டது. புண் ஆறியது, முடி முளைக்கவில்லை. நான் தொப்பி போட்டுப் பழகிக்கொண்டேன். அப்பாதான் பழகவில்லை. எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டால் தட்டை மட்டுமே பார்ப்பார். நாலு வருஷம் யார் யாரையோ விசாரித்தார். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தீக்காயக்காரர்களுக்குப் பின்னந்தலை முடியை எடுத்து முன்னால் நடுகிறார்கள் என்று கண்டுபிடித்து, கூட்டிப் போய் நட வைத்தார். ஊருக்குத் திரும்பிய ஒன்பதாம் நாள் கம்பெனி வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவ்வளவுதான்.

கொள்ளி வைக்கிற மகன் மொட்டை போட வேண்டும். சுடுகாட்டில் என் தாய்மாமா, சவரம் செய்கிறவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நட்ட எடத்துல கத்தி வெக்காதப்பா. மச்சான் அலையா அலஞ்சு நட்டது."

"முன்னாடி மட்டும் வுட்டா சேவக் கொண்ட மாதிரி இருக்குமேங்க."

"இருந்துட்டுப் போவுது."

யாரோ சிரித்தார்கள். அந்த நேரத்திலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சேத்தியாத்தோப்பு அத்தை பார்த்துவிட்டாள். அப்பாவுக்கு அக்கா அவள்.

"என்னாடா இது? எந்தம்பிக்குக் குடுக்கறதக் கூட அரையும் கொறையுமா குடுத்துட்டு வந்து நிக்கிற?"

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டேன். பதினோராம் நாள் அந்த முடியும் கொட்ட ஆரம்பித்தது.

மறுநாள் தலையணையில் கிடந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முடியின் அடியிலும் வெள்ளையாக ஒரு பொட்டு. வேரோடு வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு காலித் தீப்பெட்டியில் ஒன்று விடாமல் எடுத்து வைத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் திரும்ப நட்டுவிடுவார்கள் என்று எண்ணம். தலையணையில் முடி பொறுக்கிக்கொண்டிருந்ததை அத்தை பார்த்தாள்.

"பாத்தியா? நீ குடுக்கல. ஒப்பனே வந்து எடுத்துக்கிறான்."

"சும்மா இருங்க அண்ணி, புள்ளயே மெரண்டு போயிருக்கான்" என்றாள் அம்மா.

உண்மையைச் சொல்கிறேன், அத்தை சொன்னபடியே இருக்கட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். அப்படியென்றால் எடுத்தது அப்பா. இல்லையென்றால் அவர் நாலு வருஷம் அலைந்து நட்டது பட்டுப்போய்விட்டது. என் தலையில் அவர் வைத்துவிட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான். அதைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை.

பதினாலாம் நாள் சென்னைக்குக் கிளம்பினேன்.

"கருமாதி முடியாம ஊரு எல்லையத் தாண்டுவியா? காத்துக் கருப்பு அண்டிக்கும்டா" என்று அத்தை கத்தினாள். அம்மா என் இடுப்புக் கயிற்றில் ஓர் இரும்பு ஆணியைச் செருகிவிட்டாள்.

விருத்தாசலத்தில் முதல் பஸ். ஜன்னல் ஓரம் இடம் இருந்தும் உட்காரவில்லை. காற்றில் மிச்சமும் போய்விடும் என்று பயம். தொப்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டுப் போட்ட அதே நர்ஸ் அக்கா இருந்தாங்க. தீப்பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

"என்னாது தம்பி இது?"

"கொட்டிடுச்சுக்கா. வேரோட வந்துடுச்சு. திருப்பி நட முடியுமா?"

அந்த அக்கா சிரித்துவிட்டாங்க. "இது வேரு இல்லப்பா. வேரு உள்ள பத்திரமா இருக்குது. நட்ட முடி மூணாவது வாரம் கொட்டத்தான் செய்யும். நாலு மாசத்துல புதுசா வந்துடும்." (அப்படியே வரவும் செய்தது. அது பிறகு.) "வூட்டுக்குப் போற அன்னிக்கு ஒங்கப்பாகிட்ட இதத்தான அவ்ளோ நேரம் சொன்னேன்? ரெண்டு தடவ திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டாரு. பையன்கிட்ட இப்ப சொல்லாதீங்கம்மா, பயந்துக்குவான், கொட்டும்போது நானே பக்கத்துல இருந்து சொல்லிக்கிறேன்னாரு. சொல்லலியா? எங்க அவரு, வெளியில நிக்கிறாரா?"

நான் தொப்பியைக் கழற்றினேன்.

மழித்த தலையைப் பார்த்ததும் அவங்க சிரிப்பு நின்றது. தீப்பெட்டியை மெதுவாக மூடி என் கையிலேயே வைத்தாங்க. "எப்பப்பா?" என்று மட்டும் கேட்டாங்க.

திரும்பி வரும்போது முடியைப் பற்றி நினைக்கவே இல்லை. வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. அந்தந்த நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பா இன்னும் எதையெல்லாம் வைத்திருந்தாரோ? அம்மாவுக்கு இழுப்பு வந்தால் எந்த மாத்திரையை முதலில் கொடுப்பார்? சூளையில் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே "இப்ப நிறுத்து" என்பாரே, எந்த நிறம் அது? எனக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நிற்கிறாரே என்று எதையும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "ஒங்கிட்ட வேற எதுனா சொல்லி வெச்சாராம்மா?"

"எங்கிட்டயா? கொழம்புல உப்பு இருக்குதா இல்லயான்னே சொல்ல மாட்டாருடா ஒங்கப்பா."

சொல்லிவிட்டு எழுந்து போய், கொடியில் கிடந்த அவர் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். நானும் போய் ஒரு சட்டையை எடுத்தேன்.