நடத்தை என்ற கட்டம்

காலேஜ் மாறுவது படிப்பைவிடக் கஷ்டமான சோலி. அதிலும் சஸ்பெண்ட் ஆன பிறகு மாறுவதென்றால் கேட்கவே வேண்டாம். டி.சி.க்காக ஆபீஸ் ஜன்னலில் கைகட்டி நின்ற எல்லாருக்கும் இது தெரியும்.

என் கதை சின்னதுதான். எங்கள் கொடைக்கானல் மலைக்குக் கீழே ஒரு காலேஜில் பி.காம் இரண்டாம் வருஷம். ஹாஸ்டல் சோதனையில் என் பெட்டிக்குள் கஞ்சாப் பொட்டலம் இருந்தது. ரூம்மேட்டுடையது என்று சொல்லலாம். ஆனால் அது என்னுடையதுதான். ஒரு செமஸ்டர் சஸ்பெண்ட் செய்தார்கள். அது முடிந்ததும், "வேற காலேஜ் பாத்துக்கங்க" என்றார்கள்.

பேனா நின்ற இடம்

டி.சி. எழுதியவர் ஒரு வயதான கிளார்க். பெயர், பிறந்த தேதி, ஜாதி எல்லாம் மடமடவென்று எழுதியவர், 'நடத்தை' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டார். என் கண் அந்தப் பேனா முனையிலேயே இருந்தது. அவர் எழுதப்போகும் ஒரு வார்த்தையைத்தான் இனிமேல் எல்லாரும் முதலில் படிப்பார்கள். கடைசியில் 'திருப்தி' என்று எழுதி, சீலைக் குத்தி, ஜன்னல் வழியாக நீட்டினார்.

"'நன்று'ன்னு எழுதக் கை வரல தாயி, 'மோசம்'னு எழுத மனசு வரல. இத வச்சுப் பொழச்சுக்க."

மலையேறும்போது

அப்பா பெருமாள்மலையில் ஜீப் ஓட்டுகிறார். அன்று என்னையும் பெட்டி படுக்கையையும் ஏற்றிக்கொண்டு மலையேறினார். வழியில் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினார்கள். காக்கிச் சட்டை போட்ட புது ஆள் ஒருவர் என் பையைத் திறக்கச் சொன்னார். தையல் ஓரத்தில் பழைய தூள் ஏதும் ஒட்டியிருந்தால்? அவர் துணிகளுக்கு நடுவே கையை விட்டுத் துழாவினார். தேடியது மலையில் தடை செய்திருக்கிற பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை. இல்லை என்றதும் போகச் சொல்லிவிட்டார். மூன்று வளைவு தாண்டியதும் அப்பா சொன்னார்.

"பதினெட்டு வருசமா இந்த ரோட்டுல ஓட்டுறேன். இன்னைக்குத்தான் செக்போஸ்ட்டப் பாத்துப் பயந்தேன்."

மஞ்சக்காமாலை

இரண்டு காலேஜில் 'திருப்தி'யைப் பார்த்ததுமே சீட் இல்லை என்றுவிட்டார்கள். மூன்றாவதற்கு அம்மா வந்தாள். வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுசில் சமைப்பவள். பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும், ஒரு செமஸ்டர் ஏன் போகவில்லை என்று கேட்டால் மஞ்சக்காமாலை என்று சொல்வதாகப் பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள்.

பிரின்சிபால் கேட்டார். அம்மா சொன்னாள்.

"எந்த ஆஸ்பத்திரிம்மா?"

அம்மா முந்தானையைப் பிசைந்தாள். கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்க்க முடியாமல்தான் வாயைத் திறந்தேன். "கஞ்சா, மேடம். என் பெட்டியிலதான் இருந்துச்சு. இப்ப தொடறதில்ல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகச் சொல்வார் என்று காலை ஊன்றிக்கொண்டேன். அவரோ திங்கள்கிழமைதோறும் தன் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், இன்னொரு தடவை என்றால் அன்றே வீடு என்று சொல்லிவிட்டு, ஃபாரத்தை இழுத்தார்.

"இது இந்த ரூமோட இருக்கட்டும். நல்லவேளை, மஞ்சக்காமாலை இல்ல. அது ஹாஸ்டல் பூரா தொத்திரும்."

நானே திறந்த பெட்டி

சேர்ந்து நாலாவது நாள். சாப்பாட்டு வரிசையில் ஒரு சீனியர் காதோரம் வந்து, "கொடைக்கானலா? அந்தச் சரக்கு கொண்டாருவியா?" என்றாள். "இல்லக்கா" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் தட்டை வைத்துவிட்டு ரூமுக்கு ஓடினேன். யாரோ என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார்களோ? இல்லை என்ற கோபத்தில் அந்த சீனியர் என் பெட்டிக்குள் எதையாவது போட்டுவிட்டால்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக வார்டனிடம் போய், "பாத்துக்கங்க மேடம், ஒண்ணும் இல்ல" என்று துணிமணியெல்லாம் கொட்டிக் காட்டினேன். விஷயம் எதுவும் தெரியாத அந்த அம்மா, கொட்டிக் கிடந்த துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேக்காமலே பெட்டியத் தொறந்து காட்டுன மொதப் பிள்ளை நீதான். எனக்கே பயமா இருக்கு, என்னத்தடி பண்ணிட்டு வந்த?"

ஆக, மற்ற பாடங்கள் எப்படியோ, பயப்படுவதில் மட்டும் இந்த செமஸ்டரிலும் எனக்கு அரியர் இல்லை.