திட்டு வாங்குறதே வேலை

எங்க சங்கத்துல அவங்களுக்குப் பேரு திட்டுவாங்கி அக்கா. முன்னாடி கரண்ட் ஆபீஸ்ல புகார் போன் எடுத்தவங்க. ஊரே போன்ல கத்தும், அவங்க சுண்டல் கொறிச்சுக்கிட்டே "சொல்லுங்க சார்"ம்பாங்க. அந்தத் தடிச்ச தோல்தான் எங்களுக்கு வேணும்னு கூப்பிட்டு வந்தோம்.

வேலை இதுதான். யார், எங்க இருந்துன்னு வெளிய தெரியாம இன்டர்நெட்ல போகணும்னா அதுக்கு ஒரு வலை இருக்கு. மூணு மெஷின் கை மாறிப் போகும். கடைசி மெஷினோட முகவரிதான் எதிராளிக்குத் தெரியும். அப்படி ஒரு கடைசி மெஷினை நாங்க பேட்டரி கடை மாடியில ஓட்டுறோம். முதலாளிக்குப் பயந்து எழுதுற தொழிலாளியும் அந்த வழியாத்தான் போறான், பொறுக்கியும் அந்த வழியாத்தான் போறான். பொறுக்கி செஞ்சதுக்குத் திட்டு எங்களுக்கு. இதை மறைச்சுப் பேச எனக்கு இஷ்டமில்ல.

வர்ற புகார்ல முக்கால்வாசி மெஷினே மெஷினுக்கு எழுதுறது. அதனால அக்கா ஒரு பதிலைத் தயாரா வச்சிருந்தாங்க: நாங்க அனுப்பல, கடத்தி மட்டும் விடுறோம், யார் வந்து போனாங்கன்னு பதிவு எதுவும் வைக்கிறதில்ல, எங்க முகவரியைத் தடுக்க இப்படிச் செய்யுங்க. ஒட்டு, அனுப்பு, அடுத்தது. காலையில உக்காந்தா டீ ஆறுறதுக்குள்ள பாதி முடிஞ்சிடும்.

அன்னிக்கு ஒட்டி அனுப்பின ஒண்ணுக்குத் திரும்பப் பதில் வந்துச்சு. ஒரே வரி. "சரி. அவன் வந்து முடிச்சதுக்கு அப்புறம் சொல்றேன்."

அக்கா டீயைத் தள்ளி வச்சாங்க. திரையில மேல தள்ளி முதல் புகாரை அப்பத்தான் முழுசாப் படிச்சாங்க. ஒரு நர்ஸ். அடி தாங்காம புருஷனை விட்டு வந்து தனியா ரூம் எடுத்திருக்கா. அவ வேலை செய்யுற ஆஸ்பத்திரியோட வெப்சைட்ல, நோயாளிங்க கருத்து எழுதுற இடத்துல, அவளுக்குக் கொலை மிரட்டல் வருது. எங்க முகவரியில இருந்து. கீழ போன் நம்பர் போட்டிருந்தா. அக்கா போன் அடிச்சாங்க. எடுக்கல. மறுபடி அடிச்சாங்க. எடுக்கல.

"டேய் ஒயர்மேன், பதிவை ஓட விடுடா. இப்பவே."

எங்க மெஷினைப் பாத்துக்கிறவன் திரும்பிப் பாத்தான். "யாரு பேசுறது? பதிவு கூடாதுன்னு எங்களுக்கே கிளாஸ் எடுத்த அக்காவா?"

"நக்கல் அப்புறம். ஒரு பொண்ணு செத்துருவாடா."

"ஓட விட்டாலும் நமக்கு முந்தின மெஷின்தான்க்கா தெரியும். அவன் அதுக்கும் பின்னாடி இருக்கான். மத்தவங்க எல்லாரும் மாட்டுவாங்க, அவன் மட்டும் மாட்ட மாட்டான். அந்த வெப்சைட்டுக்கு நம்ம வழியை வேணா அடைச்சு விடுறேன்."

"வேற மெஷின் வழியா வருவானே."

"வருவான்."

சண்டை பாதியில இருக்கும்போது போன் அடிச்சுது. நர்ஸ்.

"வார்டுல இருந்தேன். நீங்க யாரு?"

"உன் புகாருக்குப் பதில் போட்டவம்மா."

"அதை எழுதினது மனுஷியா?"

அக்கா வாங்கின திட்டுலயே அதுதான் உறைச்சுதாம். "தப்புதான். படிக்காம அனுப்பிட்டேன். அவன் எங்க இருந்து எழுதுறான்னு என்னால கண்டுபிடிக்க முடியாது, பொய் சொல்ல மாட்டேன். இன்னிக்கு என்ன எழுதினான், அதைச் சொல்லு."

"புதுப் பூட்டெல்லாம் எனக்கு ஒரு தடையான்னு."

"பூட்டு எப்ப மாத்துன?"

"நேத்து சாயந்தரம்."

"யாருக்குத் தெரியும்?"

"பூட்டுக்காரருக்கு. அப்புறம் அண்ணனுக்கு, அவன்தான் கூட நின்னான். ஒரு சாவி அவன்கிட்டதான்…"

"வேலை எப்ப முடியுது?"

"நாலு மணிக்கு. அண்ணன்தான் கூட்டிட்டுப் போக வர்றான்."

"நான் வர்ற வரைக்கும் வார்டை விட்டு நகராத."

அக்கா போய்ச் சேர்றப்ப நர்ஸ் வார்டு மருந்து ரூம்ல கதவைச் சாத்திட்டு நின்னுட்டு இருந்தா. "அண்ணன் அப்படிச் செய்ய மாட்டான்க்கா. என்னைத் தூக்கி வளத்தவன்."

"செய்யலேன்னா சந்தோஷம். போன் போட்டு, இன்னிக்கு லேட்டாகும்னு மட்டும் சொல்லு."

சொன்னா. ஸ்பீக்கர்ல அண்ணன் குரல் ரொம்ப அன்பாத்தான் வந்துச்சு.

"பரவால்லம்மா, நான் உன் ரூம்லயே உக்காந்திருக்கேன். மாப்பிள்ளையும் வந்திருக்காரு. மனுஷன் மனசு மாறிட்டாரு. ஒரு வார்த்தை பேசட்டுமே. குடும்பம் ஒண்ணு சேரட்டும்."

நர்ஸ் போனைக் கட் பண்ணிட்டா. பின்பக்கம் துணி துவைக்கிற இடம் வழியா ரெண்டு பேரும் வெளிய வந்து பஸ் பிடிச்சாங்க. பஸ்ல நர்ஸ் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா: "உங்க மெஷின்தானேக்கா அவனுக்கு வழி விட்டுச்சு."

"ஆமா"ன்னாங்க அக்கா. வேற சமாதானம் சொல்ல இருந்தாலும் அந்த நேரத்துல சொல்றது அயோக்கியத்தனம்.

ஸ்டேஷன்ல ஒரு பெண் போலீஸ் புகார் எழுதினாங்க. நர்ஸ் தன் புருஷன் பேரைச் சொன்னா, போன்ல எடுத்து வச்சிருந்த மிரட்டலை எல்லாம் காட்டினா.

"உடந்தையா வேற யாராவது உண்டா?"

மேஜை மேல போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. திரையில அண்ணன். நர்ஸ், அக்காவோட மூஞ்சியைப் பாத்தா. அக்கா தலையாட்டவும் இல்ல, வேணாம்னும் சொல்லல. போன் அடிச்சு ஓஞ்சுது. திரும்ப அடிச்சுது.

"அவனுக்கு ரூமைத் திறந்து விட்டது எங்க அண்ணன்"னா. "அதையும் எழுதிக்குங்க."