குகையில் சாப்பிடாத காவலாளி

புதுக்கோட்டைக்கு மேற்கே ஒரு குன்றின் மேல், சமணத் துறவிகள் வாழ்ந்த குகை இருக்கிறது. உள்ளே பாறையிலேயே தலையணையோடு செதுக்கிய படுக்கைகள். உண்ணாநோன்பிருந்து உயிர்விட அவர்கள் படுத்த இடம் என்பார்கள்.

போன வருஷம் அங்கே போனபோது, படி ஏறியதில் எனக்கோ நல்ல பசி. நிழலில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தேன். காவலுக்கு இருந்தவர் வேகமாக வந்தார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை, இடது முழங்காலில் உறை.

"இங்கன வேணாம் சார். கீழ போயிருவோம், வாங்க."

குப்பை போடுவேன் என்று பயப்படுகிறார் போலும் என நினைத்தேன். ஆனால் அவரும் சாப்பிடத்தான் என்னோடு நொண்டி நொண்டி இறங்கினார். அவருடைய தூக்குச்சட்டி அடிவாரத்து வேப்பமரத்தில் தொங்கியது. தினமும் இப்படித்தானாம்.

"இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு எதுக்குங்க இறங்குறீங்க? மேலேயே சாப்பிடலாமே?"

"பட்டினியாப் படுத்திருந்தவங்க சார். அவங்க முன்னாடி எப்புடித் திங்கிறது?"

"அவங்க செத்து ஆயிரம் வருஷம் ஆச்சே!"

"செத்தது தெரியும் சார். பசி அடங்குச்சான்னு யாருக்குத் தெரியும்?"

சாப்பிட்டதும் வாய் கொப்பளித்தார். கையைக் கழுவி, வாசனை போய்விட்டதா என்று முகர்ந்து பார்த்துவிட்டு ஏறத் தொடங்கினார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

போன மாதம் ஆபரேஷனுக்காக அம்மா ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றோடு படுத்திருந்தாள். கட்டிலருகே உட்கார்ந்து நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொட்டலத்தை மடித்து எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன். மறுபடி ஏறுவதற்கு முன், கையை முகர்ந்து பார்த்தேன்.