சுவரைத் தாண்டாத கட்டி

ஒவ்வொரு அறுவை சிகிச்சையும் முடிந்து சில நாளானதும், ஸ்கேன் டாக்டரம்மா வாழைப்பழத்தை உரித்துத் தின்றபடியே மாடிப்படி ஏறுவார். மேலே ஆய்வுக்கூடம். தான் படத்தில் பார்த்துச் சொன்ன மலக்குடல் கட்டியை, வெட்டியெடுத்த பிறகு அங்கே நுண்ணோக்கியில் நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும். யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை, அவரும் விடுவதில்லை. "என் கண்ணு சொன்னது நெசமான்னு நான்தானே விசாரிக்கணும்?" என்பார்.

மருத்துவமனை அவருக்கு வைத்த பெயர் 'இருக்கலாம்'. கட்டி குடல் சுவருக்குள் நிற்கிறதா, வெளியே கால் வைத்துவிட்டதா என்பதை வைத்துத்தான் முதலில் கத்தியா, கதிர்வீச்சா என்று முடிவு செய்வார்கள். அந்த எல்லையில்தான் படம் ஆளை ஏமாற்றும். கட்டியை ஒட்டிய வெறும் தழும்புகூட அதன் வேர் போலத் தெரியும். புற்று பரவக்கூடிய பக்கத்து நெறிக்கட்டிகளோ இன்னும் மோசம். பெருத்ததெல்லாம் புற்றுமில்லை, சிறுத்ததெல்லாம் சுத்தமுமில்லை. எனவே 'இருக்கலாம்' என்றுதான் எழுதுவார். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கும் கணவருக்கும் அதே பதில்தான்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் மருத்துவர்கள் கூட்டத்தில் "இல்லை" என்றார். நோயாளி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இளம்பெண், கல்யாணமான புதிது. வேறிடத்தில் எடுத்த படம், கட்டி சுவரைத் தாண்டிவிட்டது என்றது. கதிர்வீச்சு கொடுத்தால் பிள்ளைப்பேறு கேள்விக்குறிதான். டாக்டரம்மா அவளை மறுபடி படுக்கவைத்து, கட்டிக்கு நேர்குறுக்காகப் படம் எடுத்துப் பார்த்திருந்தார்.

"தாண்டல தம்பி. அது தழும்பு."

"நாளைக்குத் தப்பாப் போச்சுன்னா, மேடம்?" என்றார் அறுவை டாக்டர்.

"நெறிக்கட்டியக் கேட்டா இருக்கலாம்னுதான் சொல்லுவேன். சுவரைக் கேட்டா, தாண்டல. ரெண்டையும் அந்தப் பொண்ணுகிட்ட மறைக்காம சொல்லுங்க. முடிவ அவ எடுக்கட்டும்."

அந்தப் பெண் நேரே அறுவைக்குச் சம்மதித்தாள். அந்த வாரம் டாக்டரம்மா வீட்டில் யார் பேசினாலும் "என்ன?" என்று திரும்பக் கேட்டார்.

அறுவை முடிந்து அவர் மாடியேறியபோது, ஆய்வுக்கூடத்துத் தோழி நாற்காலியை விட்டு எழுந்தாள். "நீயே பாரு. சுவர் முழுசா இருக்கு. நெறிக்கட்டியும் சுத்தம்."

அவர் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"என்னடி, இன்னுமா பாக்குற?"

"இரு. இன்னொரு தடவ பாத்துக்கறேன். அழகா இருக்கு."

படம் பார்க்கிற டாக்டரைத் தேடி எந்த நோயாளியும் வருவதில்லை. உடம்பு தேறியதும் அந்தப் பெண் வந்தாள். இருட்டறைக் கதவைப் பாதி திறந்து எட்டிப்பார்த்தாள்.

"என் படத்தப் பாத்தது நீங்கதானாம்மா?"

"நான்தான்," என்றார் டாக்டரம்மா. குரலில் ஒளிவுமறைவில்லாத பெருமை.

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். திரையில் அவள் படத்தை வரவழைத்தார். பிறகு அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, எங்கும் அறுபடாமல் ஓடிய குடல் சுவரின் கறுத்த கோட்டின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார்.